அட்டவணையில் விட்ட பெயர்



பேரன் ஒரு சார்ட் பேப்பரைக் கொண்டுவந்து, "தாத்தா, நம்ம வம்சத்தை இதுல எழுதிக் குடுங்க" என்றான். விசுவாசிக்கு இது தகுமா என்று முதலில் யோசித்தேன். வம்சவரலாறுகளிலே மூழ்கிக் கிடக்காதபடி பவுல் எச்சரிக்கிறாரே (1 தீமோ. 1:4). ஆனாலும் 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் ஏறக்குறைய முழுவதும் பெயர்கள்தான் (நம்மில் அநேகர் தாண்டிப் போகிற அதிகாரங்கள்!). தான் பென்யமீன் கோத்திரத்தான் என்று பவுலே ரோமர் 11:1-ல் சொல்லுகிறார். பெயர் எழுதுவது பாவமல்ல என்று உட்கார்ந்தேன்.

பழைய காட்டுப் பத்திரங்களை எடுத்தேன். இன்னார் குமாரர் இன்னார் என்று ஆண்கள் பெயர் வரிசையாய்க் கிடைத்தது. ஒரு பத்திரத்தில் திருச்சி ஜில்லா என்றிருந்தது. 1910 முதல் சில காலம் நாமக்கல் தாலுகா அங்கேதான் இருந்தது. சேலம் ஜில்லாவைச் சூறையாடின தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876-78) முந்தி ஒரு பெயரும் அகப்படவில்லை. பூட்டனின் தம்பி கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாராம். அந்தக் கிளை அதோடு நிற்கிறது.

பெண்கள் பெயரைப் பெரியப்பாவிடம் கேட்டு எழுதினேன். சின்ன அத்தை பெயரை எழுதும்போது, "அவ பேரு எதுக்கு? அன்னைக்கே தலைமுழுகியாச்சில்ல" என்றார். வேறு ஜாதியில் கலியாணம் செய்துகொண்டு போனவர் அத்தை. அது நாங்கள் ஆண்டவரை அறியாத காலம். பிற்பாடு குடும்பமாய் இரட்சிக்கப்பட்டோம். மோகனூர்க் காவேரியில் ஞானஸ்நானம் எடுத்தோம், குலதெய்வத்தை விட்டோம். அத்தையை மட்டும் கூப்பிடவில்லை. நானும் ரப்பரால் அழித்துவிட்டேன்.

அன்று ராத்திரி மத்தேயு முதலாம் அதிகாரத்தை வாசித்தேன். சாராள், ரெபெக்காள் பெயர்கூட அதில் இல்லை. ஆனால் தாமார் இருக்கிறாள், எரிகோவின் வேசி ராகாப் இருக்கிறாள், மோவாபிய ஸ்திரீ ரூத் இருக்கிறாள், உரியாவின் மனைவியும் இருக்கிறாள். நம் பெரியப்பாமார் அழிக்கச் சொல்லுகிற பெயர்களையே பரிசுத்த ஆவியானவர் தேடி எழுதவைத்திருக்கிறார்.

முன்னோர் சாபம் எந்தத் தலைமுறையில் வந்தது என்று கண்டுபிடித்து முறிக்க அட்டவணை போடச் சொல்லுகிறவர்கள் உண்டு. எசேக்கியேல் 18-ஐ வாசித்தவனுக்கு அதில் மனம் ஒப்பாது. என் அட்டவணையில் நான் கண்ட பாவம் என்னுடையது. எஸ்றா 2:62-ல் அட்டவணையில் பெயர் காணப்படாதவர்கள் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். அதை வாசித்ததும் நெஞ்சு திக்கென்றது. தாத்தா இறந்தபோது வாரிசு சான்றிதழுக்கு மனு எழுதினவன் நான்தான். அதிலும் அத்தை பெயர் இல்லை. அந்தக் காட்டில்தான் இன்றைக்கும் எங்கள் கோழிப்பண்ணை நடக்கிறது.

போன வாரம் இராசிபுரம் போனேன். அத்தைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். சார்ட்டை விரித்தேன். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்தில் மாமா பெயரையும் பிள்ளைகள் பெயரையும் சொல்லச் சொல்ல எழுதினேன். பங்கு விஷயத்தை ஆரம்பித்தபோது, "அது கிடக்கட்டும் சாமி. மொதல்ல அண்ணன் வந்து என்னைப் பார்க்கட்டும்" என்றார்.

பெரியப்பாவிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. சுவரில் சார்ட்டை ஒட்டியிருக்கிறேன். இந்தப் பக்கம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். எனக்காகவும், பத்திர ஆபீஸ் வேலை பாக்கி இருக்கிறது.