எத்தனை காலத்துப் பழக்கம்?

“தெரு நாயைப் பிடித்துக்கொண்டு போ என்று சத்தம் போடுகிறோமே, அதைக் காட்டிலிருந்து அழைத்து வந்தது நாம்தானே ஐயா? எத்தனை காலத்துப் பழக்கம் இது?” என்று படவேட்டில் ஒரு பட்டு நெசவாளர் என்னைக் கேட்டார். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அழைத்து வந்தவனுக்கு ஒரு கடமை உண்டு என்பது அவர் கட்சி.

விஞ்ஞானிகளின் கணக்கு ஒரு நிலையில் நின்றதில்லை. நாய் வம்சம் ஓநாய் வம்சத்திலிருந்து பிரிந்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றார்கள், 1997-இல். 2014-இல் 11,000 முதல் 16,000 என்றார்கள். மறு வருஷமே 27,000 முதல் 40,000 வரை என்றார்கள். “எல்லாம் புளுகு” என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

டி.என்.ஏ. என்பது உயிரணுவுக்குள் இருக்கும் நீண்ட எழுத்துச் சரடு. தலைமுறைதோறும் அதில் சிற்சில எழுத்துகள் மாறும். நாய்க்கும் ஓநாய்க்கும் உள்ள வித்தியாசங்களை எண்ணிவிடலாம். எண்ணிக்கை மட்டும் காலம் ஆகிவிடாது. தறிக்காரருக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்தது. நெய்த முழத்தைப் பார்த்து எத்தனை நாள் வேலை என்று சொல்ல வேண்டுமானால், ஒரு நாளைக்கு எத்தனை முழம் ஓடும் என்று தெரிய வேண்டும் அல்லவா? கை மெதுவானது என்றால், அதே முழத்துக்கு நாள் அதிகம்.

அந்த வேகம் 2015-இல் பிடிபட்டது. சைபீரியாவின் டைமிர் பகுதியில் கிடைத்த ஓர் ஓநாயின் விலா எலும்பு 35,000 ஆண்டுப் பழையது என்று கார்பன் சோதனை தனியே சொல்லிற்று. தேதி போட்ட இழை ஒன்று துணிக்குள்ளேயே அகப்பட்ட மாதிரி! அதை இன்றைய ஓநாயோடு ஒப்பிட்டதில், மாறுதல் பலரும் நினைத்திருந்த வேகத்தில் பாதிகூட இல்லை. முந்தின வருஷத்துக் கணக்கு பின்னுக்கு நீண்டது அதனால்தான்.

ஆனால் அவர் கேள்விக்கு இதுவும் விடை அல்ல. பிரிந்த நாள் வேறு, பழகிய நாள் வேறு. பிரிந்த கூட்டம் மனிதனை அண்டாமலே பல்லாயிரம் ஆண்டு திரிந்திருக்கலாம். கடமைக்கு ஆண்டுக் கணக்கே வேண்டாம் என்பது என் கட்சி, அது இருக்கட்டும். பழக்கத்துக்குச் சாட்சி எலும்புதான். ஜெர்மனியில் ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914-இல் ஓர் ஆணோடும் பெண்ணோடும் புதைத்த நாயின் எலும்பு கிடைத்தது. வயது சுமார் 14,000 ஆண்டு. சிறு குட்டி, பல்லில் கடும் நோயின் தழும்பு. வேட்டைக்கோ காவலுக்கோ அது உதவியிராது. யாரோ வாரக்கணக்கில் தண்ணீர் புகட்டி, குளிர் தாக்காமல் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள், 2018-இல் அந்தப் பல்லை ஆராய்ந்தவர்கள்.