சத்திரக்காரன்

கிறிஸ்து பிறந்த கதையில் என்னை உறுத்துகிறவன், அதில் இல்லாத ஒரு மனிதன். பெத்லகேம் சத்திரத்தில் இடமில்லை என்பதை லூக்கா சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரம் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறது. சத்திரக்காரன் என்று ஒருவனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பின்னால் வந்த நாடகக்காரர்கள்தாம் அவனைப் படைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்கள். அப்படி ஒருவன் இருந்திருந்தாலும் அவன் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. குடிமதிப்புக்காக ஊருக்கு வந்த கூட்டம், வாஸ்தவமாகவே இடமில்லை.

நானும் பொய் சொல்கிறவனல்ல. சென்ற மார்கழியில் ஓர் இரவு, பள்ளித் தோழன் ஒருவனுடைய வயதான தகப்பனார் என்னைத் தேடி வந்தார். தொடர்கதைக்கு அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். "வேலையாக இருக்கிறார்" என்று சொல்லியனுப்பும்படி மனைவியிடம் சைகை காட்டினேன். உண்மைதானே! அநாதைக் கிழவர் ஒருவரைக் கதாநாயகன் வீட்டுக்குள் அழைத்து அமுது படைக்கும் கட்டத்தை அல்லவா எழுதிக்கொண்டிருந்தேன்!

கிழவர் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாராம். எதற்காக வந்தார் என்று இன்றுவரை தெரியாது.

தியானம், உபவாசம் எல்லாம் பெரியவர்களுக்கு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரே ஒரு தீர்மானம் போதும்: இனி யார் வந்தாலும், வேலையாக இருப்பதை நானே எழுந்துபோய் வாசலில் நின்று சொல்வது. முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வருகிறதா, பார்க்க வேண்டும்.