சுவர் தாண்டும் இன்பம்

சென்னையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலுக்கு 5.1 ஹோம் தியேட்டர் வேண்டுமா, சவுண்ட்பார் போதுமா? விலையில் தொடங்கும் பேச்சு, ‘எவ்வளவு இருந்தால் போதும்’ என்ற பழைய தத்துவக் கேள்வியில் போய் நிற்கிறது.

கிரேக்கத்து எபிகூரஸ் தேவையான ஆசைகளையும் தேவையற்ற ஆசைகளையும் பிரித்துக் காட்டியவர். அந்தச் சல்லடையில் வசனம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்ற ஆசை தேறிவிடும். டிவி மெலிந்தபோது அதன் ஸ்பீக்கரும் சிறுத்துப்போனது. எளிய சவுண்ட்பாரே அந்தக் குறையைப் போக்கிவிடும். சோபா சுவரை ஒட்டிக் கிடக்கும் வீட்டிலோ பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு இடமே இல்லை.

வம்பு சப்வூஃபரில்தான்.

அது எழுப்பும் 40 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர், அதாவது ஹாலைவிட நீளம். வசனத்தைத் தடுக்கும் செங்கல் சுவர் இந்த அதிர்வை அவ்வளவு எளிதில் தடுக்காது. பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவரின் சுதந்திரத்தில் தலையிடக் கூடாது என்று 1859இல் எழுதினார் ஜான் ஸ்டூவர்ட் மில். பக்கத்து வீட்டுக் கட்டிலில் உணரப்படும் ‘தும் தும்’ தீங்கா, வெறும் எரிச்சலா?

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் எண்களில் பதில் சொல்கின்றன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆனால் அந்த எண்களை அளக்கும் ‘ஏ’ அளவுமுறை மனிதச் செவியைப் பின்பற்றுவதால் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடும். மீட்டர் சம்மதித்தாலும் அண்டை வீட்டார் தூங்காமல் கிடக்கலாம்.

சட்டம் விட்ட இடத்தைச் சமண இல்லறத்தாரின் நோன்பு எடுத்துக்கொள்கிறது: உடைமைக்கு எல்லையைத் தானே வகுத்துக்கொள்வது. கடையில் அதற்கு நடைமுறை வடிவம், பேஸைத் தனியாகக் குறைக்க வசதியுள்ள 2.1 செட்.