மீஸானும் மின்னணுத் தராசும்

அருள்மறையின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில், வானம் உயர்த்தப்பட்டதைக் கூறும் இடத்தில், அடுத்தடுத்த மூன்று வசனங்களில் ‘மீஸான்’ என்னும் சொல் மும்முறை வருகின்றது. விரிவுரையாளர்களுள் சிலர் அதற்கு நீதி என்று பொருள் கொண்டனர்; சிலர் கடைத்தெருவில் காணும் தராசே என்றனர். எடை குறைப்போருக்குத் திருமறை சூட்டியுள்ள பெயரும் எண்ணத்தக்கது. ‘முதஃப்பிஃப்’ என்னும் அச்சொல் ‘தஃபீஃப்’ என்பதன் அடியாகப் பிறந்தது; அற்பமானது என்பது அதன் பொருள். எடையில் திருடுகின்றவன் மூட்டையைத் திருடுவதில்லை. ஒரு பிடி, ஒரு சிட்டிகை என்றே திருடுகின்றான். அதனால் அவனுக்கு அப்பெயர் வந்தது என்பர் அரபு மொழி நூலார். அந்த அற்பத்தின் பொருட்டே ஓர் அத்தியாயம் ‘கேடு’ என்னும் சொல்லோடு தொடங்குகின்றது.

இப்பாவத்தை நம் முன்னோர் கண்ணால் காண முடிந்தது. தட்டின் அடியில் ஒட்டிய புளியும், கோலைத் தட்டிவிடும் சுண்டுவிரலும், தேய்ந்த படிக்கல்லும் அதன் அடையாளங்கள். இன்றோ மதுரையில் மாட்டுத்தாவணி மலர்ச் சந்தை முதல் தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகள் வரை மின்னணுத் தராசுகளே இருக்கின்றன. விரலுக்கு அங்கே வேலை இல்லை, எண் ஒளிர்கின்றது. குறை சொன்னால், “மிஷின் காட்டுகிறது, நான் என்ன செய்வேன்?” என்று வியாபாரி கூறுகின்றார். வேண்டுமென்றே கருவியைத் திருத்தி வைப்பவரைப் பற்றி நாம் பேச வரவில்லை. அவருக்குரிய தீர்ப்பில் ஐயமே இல்லை. மெய்யாகவே அறியாதவரைப் பற்றித்தான் கேட்கின்றோம். செயல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவை எனக் கற்ற நாம், நிய்யத்தே இல்லாத எடைக்குறைவை எந்தத் தட்டில் வைப்பது?

விடை காணுமுன் அக்கருவியின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். பழைய துலாக்கோல் ஒரு தட்டில் கல்லையும் மறு தட்டில் பொருளையும் வைத்து ஒப்பிட்டது. சான்றோரின் நடுவுநிலைமைக்கு வள்ளுவர் அதனை உவமையாக்கியதும் அவ்வொப்பீட்டினால்தான். மின்னணுத் தராசில் கல் இல்லை. தட்டின் கீழே ‘லோடு செல்’ எனப்படும் உலோகத் துண்டு ஒன்று உள்ளது. பாரம் ஏறும்போது அது மயிரிழையினும் குறைவாக வளைகின்றது. அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய கம்பிகளின் மின்தடை மாறுகின்றது. அம்மாற்றமே எண்ணாக ஒளிர்கின்றது. என்றோ ஒருநாள் அதற்குக் காட்டப்பட்ட எடைக்கல்லின் நினைவு மட்டுமே அதனிடம் உண்டு. அந்த நினைவு பிசகுவதற்குக் காரணங்கள் பல. கனத்த மூட்டையைத் தொப்பென்று போட்டால் உலோகம் நிலையாக வளைந்துவிடும். ஈரம் புகுந்தாலோ, மின்கலம் இறங்கினாலோ, மேசை சாய்ந்து நீர்மட்டக் குமிழி வட்டத்தை விட்டு விலகினாலோ, தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றாலோ எண் மாறும். இன்னும் விந்தை, தில்லியில் சரிசெய்த தராசை மதுரைக்குக் கொண்டுவந்தால், இங்கே புவியீர்ப்பு சற்றுக் குறைவாதலால், கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம் குறைத்துக் காட்டும். துலாக்கோலுக்கு இக்குறை இல்லை. ஈர்ப்பு குறைந்தால் கல்லுக்கும் பொருளுக்கும் ஒருங்கே குறையும்.

கருவியின் பிழை நம் மார்க்க அறிஞர்களுக்குப் புதியதன்று. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஷைஸரீ அவர்கள், தராசுகளை எண்ணெயும் அழுக்கும் போக அடிக்கடி துடைக்க வேண்டும் என்றும், ஒரு துளி எண்ணெய் உறைந்தாலும் எடை மாறும் என்றும் கூறுகின்றார். தராசு அசைவற்று நின்ற பின்னரே பொருளை மெல்ல வைக்க வேண்டும் என்றும் கூறுகின்றார். வியாபாரியின் உள்ளத்தைச் சோதிக்கும் விதிகள் அல்ல இவை. தட்டைத் துடைக்கும் விதிகள். இன்று முஹ்தஸிபின் இடத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் இருக்கின்றார். 2009 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் மின்னணுத் தராசு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிடப்பட வேண்டும். அச்சட்டமும் சிறு பிழையைப் பொறுக்கின்றது. 5 கிராம் பிரிவுடைய கடைத் தராசு முத்திரை பெறும்போது, 2½ கிலோ வரை 2½ கிராம் பிழை மன்னிக்கப்படும். தவிர்க்க முடியாத அளவை ஃபிக்ஹும் மன்னிக்கின்றது. ஆயினும் கூலிக்கு எடைபோடும் ஒருவரிடம், எடைபோட்டுச் சற்றுத் தாழவே நிறுக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸுவைத் இப்னு கைஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். எண் சற்று ஏறியதும் ஒரு பூவைக் கிள்ளி எடுத்துவிடும் இக்காலக் கைகள் அதனைக் கேட்டிருக்குமோ, அறியோம்.

இனி மலர்ச் சந்தைக்கு வருவோம். 2013 இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து விடியுமுன்னே அங்கு வந்து சேர்கின்றது. ஒரு கமிஷன் கடையை எண்ணிப் பார்ப்போம். அவர் தராசு 1 கிலோவை 990 கிராம் என்று காட்டுகின்றது. விவசாயி கொண்டுவந்த 20 கிலோ, 19 கிலோ 800 கிராம் ஆகின்றது. கிலோ 600 ரூபாய் என்றால் விவசாயிக்கு 120 ரூபாய் நட்டம். அதே தராசில் பூக்காரிகளுக்கு நிறுத்துக் கொடுக்கும்போது அவர்களுக்கு அந்த 200 கிராம் மிகுதியாகப் போய்ச் சேருகின்றது. வரவும் 19.800, விற்பனையும் 19.800. கணக்கு ஒட்டிவிடுகின்றது, ஒட்டிவிடுவதனாலேயே பிழை வெளிப்படுவதில்லை. கடைக்காரர் கையில் ஒரு காசும் தங்கவில்லை. “நான் உண்ணவில்லையே” என்று அவர் கூறுவது உண்மை.

ஆனால் ஹக்கு கேட்பது அவர் உண்டாரா என்பதையன்று. விவசாயிக்குச் சேர்ந்ததா என்பதையே. அறியாமல் பிறர் பொருளை அழித்தவனுக்குப் பாவம் இல்லை. ஈடு செய்யும் கடமை மட்டும் நீங்காது என்பது ஃபிக்ஹின் தெளிந்த விதி. பாவமும் ஈடும் வெவ்வேறு. நிய்யத் முன்னதைத்தான் நீக்கும். அந்தப் பாவ நீக்கமும், அறிந்துகொள்ள வழியில்லாதவனுக்கே உரியது. எடைக்கல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வசதியிருந்தும் வாங்காதவர், அறியாதவர் வரிசையில் நிற்கின்றாரா, அறிய விரும்பாதவர் வரிசையில் நிற்கின்றாரா? நாம் இரண்டாவதென்றே கருதுகின்றோம். கருவி வந்தபின் பொறுப்பு அகலவில்லை. நிறுக்கும் நொடியிலிருந்து சோதிக்கும் நொடிக்கு இடம் மாறியிருக்கின்றது.

பிழை ஒருநாள் தெரியவருகின்றது. எத்தனை நாட்களுக்கு ஈடு செய்வது? ஒரு நிகழ்ச்சி நேர்ந்த காலம் ஐயமானால் அதனை மிக அண்மைய காலத்தோடு சேர்க்க வேண்டும் என்னும் விதி ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்களில் உண்டு. வழக்காடு மன்றத்தில் அவ்விதி கடைக்காரருக்குத் துணை நிற்கும். பேணுதல் உடையவர் மனம் அதில் அமைதி கொள்ளாது. தராசு சரியாக இருந்ததென்று உறுதியாகத் தெரிந்த கடைசி நாள் வரை அது பின்னோக்கிச் செல்லும். நாள்தோறும் பஜ்ருக்குப் பின் கடை திறந்தவுடன், முத்திரையிட்ட எடைக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து, எடுத்தபின் எண் பூச்சியத்துக்குத் திரும்புகின்றதா எனப் பார்ப்பவர் நேற்றைய சிட்டையைப் புரட்டினால் போதும். பாராதவர் சென்ற முத்திரை நாள் வரை புரட்ட வேண்டும். சிட்டையில் விவசாயிகளின் பெயரும் எடையும் இருப்பதால் பணத்தை அவர்களிடமே சேர்க்க வேண்டும், இறந்திருந்தால் வாரிசுகளிடம். ஆளே தெரியாத போதுதான் அவர்கள் பெயரால் ஸதகா. மிகுதியாகப் பெற்றுச் சென்ற பூக்காரிகளிடம் திருப்பிக் கேட்கலாமா எனின், அவர்கள் அப்பூவைத் தொடுத்து விற்று, அது வாடியும் போயிருக்கும். இன்னாருக்கு இவ்வளவு மிகுந்தது என்று காட்டவும் இயலாது. அந்த நட்டம் தராசுக்குரியவருடையது.