நோயுற்றோரும் குதிரையும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீள்பவர்களைச் சில காலம் குதிரைகளோடு பழகச் செய்தல் அவர்தம் உடலுக்கும் உள்ளத்திற்கும் நலம் பயக்கும் என்னும் கருத்து மேனாடுகளில் பரவி வருகின்றது. இதனைக் கேட்கும் நம்மவர் சிலர் நகைக்கக்கூடும். "மருந்துக்கே வழியற்றவர்க்குக் குதிரை எங்கிருந்து வரும்?" என வினவவுங் கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும் இச்செய்தியினுள் பௌத்தர்களாகிய நாம் ஆராய வேண்டிய அறவினா ஒன்று அடங்கியுள்ளது. துன்புறுவோருக்கு உண்மையில் ஆறுதல் அளிப்பது யாது? வாயற்ற விலங்கு அளிக்கும் அவ்வாறுதலை நாவுடைய நாம் அளிக்கத் தவறுவது ஏன்?

முதலில் உண்மையை அளவோடு உணர்தல் வேண்டும். குதிரை புற்றுநோயைப் போக்குவதில்லை. அதற்குரியன அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியனவே. இவற்றை விடுத்துக் குதிரையை நாடுதல் மடமை. மருந்தின் வேகத்தால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்குங்கால் இலாயத்துப் புழுதியும் சாணமும் தொற்றுநோயைத் தரலாம். எலும்பு நலிந்தோர் குதிரையினின்று வீழ்ந்தால் பெருங்கேடு விளையும். ஆதலின் மருத்துவரின் இசைவு முன்னே வேண்டும்.

ஆனால் சிகிச்சை முடிந்த பின்னரும் முடியாதவை சில உள. உறங்கியும் தீராத களைப்பு, நோய் மீளுமோ என்னும் அச்சம், தன் உடலே தன்னைக் கைவிட்டது என்னும் ஏக்கம் ஆகியவை அவை. இங்கேதான் குதிரையின் துணை பயன்படுகின்றது. குதிரை மெல்ல நடக்குங்கால் அதன் முதுகின் அசைவு, ஏறியிருப்போரின் இடுப்பை மனிதர் நடப்பது போன்றே அசைக்கின்றது. அதனால் தளர்ந்த தசைகள் பயிற்சி பெறுகின்றன. டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்டெல் என்னும் அம்மையார் 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே வலுவிழந்தவர். பிறர் துணையின்றிக் குதிரை மீது ஏறவும் இறங்கவும் இயலாத அவரே, 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கு விளையாட்டில் ஜூபிலி என்னும் குதிரை மீதமர்ந்து வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரையேற்றத்தை மருத்துவத் துணையாகக் கொள்ளும் முறைக்கு அவ்வெற்றி பெரியதோர் ஊக்கமாயிற்று.

ஏறாமல் அருகில் நிற்பதிலும் பயன் உண்டு. குதிரை புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகி வந்த இனம். ஆதலின் அணுகுவோரின் நடையையும் குரலையும் பதற்றத்தையும் அது நுட்பமாகக் கவனிக்கும். அதன் மேனியைத் தேய்த்துவிட விரும்புவோர் முதலில் தம்மை அமைதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நேற்றைய வலியையும் நாளைய அச்சத்தையும் விடுத்து இக்கணத்தில் நிற்க வேண்டும். நம் ததாகதர் கற்பித்த விழிப்புடைமையின் முதற்படி இஃதன்றோ?

இனி, குதிரை செய்யாத ஒன்றையும் கருதுவோம். அது நோயாளியை வினவுவதில்லை. நம்மிடையே நோயுற்றோரைக் காணச் செல்லுவோர் சிலர், "என்ன பாவஞ் செய்தாயோ, இப்பிறவியில் அனுபவிக்கின்றாய்" என்று கூறிவிட்டு வருகின்றனர். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும் இச்சொல்லைப் பௌத்தம் என்னும் பெயரால் கூறுவோரும் உளர். அவர்கள் பகவன் புத்தர் சீவகன் என்னும் பரிவிராசகனுக்கு அருளிய விடையை அறியார். எல்லா நுகர்ச்சியும் முன்வினையினாலேயே வருவது என்னும் கொள்கையை அவர் மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம், இவை மூன்றும் கூடுதல், பருவ மாற்றம், முறையற்ற ஒழுக்கம், பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். எட்டனுள் ஒன்றே வினை. அவ்வொன்றையே எல்லாம் எனச் சாதிப்பது அறமன்று.

இதனை நம்மினும் நன்கு உணரத்தக்கவர் யாவர்? "உன் பிறப்பு உன் முன்வினை" என்று கூறித்தானே நம் முன்னோரைச் சேரிக்குள் அடைத்தனர்! அச்சொல்லின் கொடுமையை அறிந்து வெளியேறிய நாம், அதே சொல்லை நம் நோயாளியின் கட்டிலருகே கொண்டுசென்று வைக்கலாமா? தாழ்த்தப்பட்ட மணமகன் குதிரையேறி ஊர்வலம் வருதலைத் தடுக்கும் ஊர்கள் வடநாட்டில் இன்றும் உள. தடுப்பவர் மனிதர். குதிரையோ தன் மீது அமர்ந்தவன் எக்குலத்தான் என்று கேட்டதில்லை.

வயிற்றுப்போக்கால் தன் மலசலத்திலேயே கிடந்த துறவி ஒருவரைப் பகவன் தம் கையாலேயே கழுவித் தூக்கிக் கிடத்தினார். ஆனந்தர் உடனிருந்து உதவினார். பின்னர்ச் சங்கத்தாரைக் கூட்டி, தம்மைப் பேண விரும்புவோர் நோயாளியைப் பேணுக என்று பணித்தார். அத்துறவியிடம் அவர் பூர்வ வினையைப் பேசவில்லை. நீர் கொண்டுவரச் செய்தார்.

குதிரைகள் நால்வகை என்றும் பகவன் உவமை கூறியுள்ளார். தாற்றுக்கோலின் நிழல் கண்டே விழிப்பது ஒன்று. மயிரில் பட்டதும் விழிப்பது மற்றொன்று. தோலில் தைத்ததும் விழிப்பது வேறொன்று. எலும்பில் பாய்ந்த பின்னரே விழிப்பது நான்காவது. அவ்வாறே வேற்றூரில் ஒருவர் துன்புற்றதைக் கேட்டும், கண்ணாற் கண்டும், உறவினர்க்கு நேர்ந்த பின்னும், தன் உடலிலேயே பட்ட பின்னும் விழிப்போர் என மாந்தர் நால்வகையர். நான்காவதையும் அவர் நற்குதிரை என்றே கூறினார். எனவே நோயால் விழித்தவரை எள்ளற்க. நாமோ நிழல் கண்டே விழிக்க முயல்வோமாக.

இறுதியாக, குதிரைக்கு நாம் பட்ட கடனும் உண்டு. தொண்டை அடைப்பான் நோய்க்கும் பாம்புக்கடிக்கும் குதிரையின் குருதியினின்று எடுத்த மருந்து எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளது. ஒரு நோயாளியின் ஆறுதலுக்காக வேறோர் உயிரை வெயிலில் நிறுத்தி, நீரும் ஓய்வுமின்றி வருத்தினால், துன்பம் குறையவில்லை, இடம் மாறியதேயாகும். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டுதலும் ஒன்று. அக்கருணைக்கு நாற்கால் உயிரும் புறம்பன்று.

நம்மில் பலர்க்குக் குதிரை கிட்டாது. ஆனால் நோயாளியின் அருகே கேள்வியின்றி அமர்தல், குற்றஞ்சாட்டாது கைபிடித்தல், மருத்துவமனைக்கு உடன் நடத்தல் ஆகியவற்றிற்குப் பொருட்செலவு வேண்டா. அடுத்த பௌர்ணமி வழிபாட்டிற்கு வருமுன், நம் தெருவில் நோயுற்றுக் கிடக்கும் ஒருவரைச் சென்று கண்டு வருவோமாக. அங்கே வாய் பேசுமுன் கை உதவட்டும்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக.