முனிசுவிரதரின் இலாஞ்சனமும் நம் இல்லத்து ஆமையும்



இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும், பீடத்தில் பொறித்த இலாஞ்சனத்தைக் கொண்டு இன்னார் என அறிகிறோம். காளை கண்டால் ஆதிநாதர்; சிங்கம் கண்டால் மகாவீரர்; சங்கு கண்டால் நேமிநாதர். ஆமை கண்டால், இருபதாம் தீர்த்தங்கரராகிய முனிசுவிரதர் என்று கை குவிக்கிறோம். கல்லில் பொறித்த ஆமைக்கு முன் குவிகின்ற கை, உயிருள்ள ஆமையிடம் எவ்வாறு நடந்துகொள்கிறது? இதுவே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விழையும் பொருள்.

முன்னாளில் நம் ஊர்களில் ஆமை என்பது ஏரியிலும் கிணற்றிலும் காணும் உயிர். இன்றோ நகரத்துக் குடியிருப்புகளில், வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் அது வளர்கிறது. கண்ணின் பின்புறம் சிவந்த பட்டையுடைய இந்தச் சிவப்புக்காது ஆமை, வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்கு உரியது. விற்கும்போது நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். வளர்ந்தால் ஓட்டின் நீளம் 30 சென்டிமீட்டர் வரை எட்டக்கூடும். நன்கு பேணினால் 30 ஆண்டுகளும் வாழக்கூடும். பேரன் கேட்டான், வாங்கிக் கொடுத்தோம் என்ற அளவில் முடிகிற செய்தியன்று இது. அப்பேரன் கல்லூரி முடித்து, வேலை தேடி, அயல்நாடு சென்ற பின்னும் அவ்வுயிர் அத்தொட்டியில் இருக்கும்.

வீட்டில் நாம் இருக்கும் நாட்களில் பெரும்பாலும் குறை நேர்வதில்லை. கோடை விடுமுறை, உறவினர் திருமணம், மகளின் பேறுகாலம், மேல்சித்தாமூர்த் திருவிழா, தீர்த்த யாத்திரை என்று கதவைப் பூட்டிக்கொண்டு புறப்படும்போதுதான் நம் விரதம் சோதனைக்கு உள்ளாகிறது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், அஹிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கொல்லுதல் இவ்வரிசையில் இல்லை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மனமறிந்து கொன்றால் விரதமே முறிந்துபோகும். அதிசாரமோ விரதத்தில் விழுகின்ற ஓட்டை. ஓர் எறும்பையும் கொன்றறியோம் என்று சொல்லும் இல்லங்களிலும் இவ்வோட்டை விழலாம். அன்னபான நிரோதம் எனப்படும் ஐந்தாம் அதிசாரம் நிகழ்வதற்குக் கையோங்க வேண்டியதில்லை, சினம் கொள்ள வேண்டியதில்லை, மறந்தாலே போதும்.

மறதி எவ்வாறு பாவமாகும் என்று மாணவர் கேட்பதுண்டு. நம் ஆகமம் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போதே, பிரமாதத்தால் உயிர்க்கு ஊறு செய்தல் என்று வகுத்துள்ளது. பேச்சுவழக்கில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு என்று பொருள் கொள்கிறோம். ஆகமத்தில் அதன் பொருள் விழிப்பின்மை, அசட்டை, சோர்வு. தூய தமிழில் இதனைப் பொச்சாப்பு என்பர். திருக்குறளில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே அமைந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். மகிழ்ச்சி மிகும் வேளையிலேயே மறதியும் மிகும். பயணத்துக்கு முந்தைய நாளின் பரபரப்பைவிட இதற்குச் சான்று வேண்டுமோ?

நேமிநாதர் வரலாற்றை நினைவு கூர்வோம். மணக்கோலத்தில் தேரேறி வந்தவர், விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பினார். துறவு பூண்டு ஊர்ஜயந்தகிரியை அடைந்தார். அங்கே அடைபட்ட உயிர்களுக்குக் குரல் இருந்தது. கேட்ட செவியில் கருணை இருந்தது. நம் வீட்டு ஆமைக்கோ ஓலமிடும் குரல் இல்லை. பசித்தால் பசுங்கன்று கத்தும். நாய் வாயிலைப் பிறாண்டும். அண்டை வீட்டார் வந்து பார்ப்பர். ஆமை தொட்டியின் மூலையில் அசையாது கிடக்கும். பார்ப்பவர் அது உறங்குகிறது என்பர்.

ஆமையின் பொறுமையே நம்மை ஏமாற்றுகிறது. ஊர்வனவாகிய அதன் உடற்சூடு சூழலைச் சார்ந்தது; ஆகவே அதற்கு வேண்டும் உணவும் குறைவு; சில நாள் பட்டினியையும் தாங்கும். தாங்கும் என்பது ஒன்று, துன்பமில்லை என்பது வேறொன்று. ஓடு அதன் வீடு என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். உண்மையில் முதுகெலும்பும் விலாவெலும்புகளும் இணைந்து அமைந்த உடலின் பகுதியே அது. அதன்மேல் விரல் பட்டாலும் ஆமை உணரும். ஐம்பொறியும் உடைய உயிர் அது என்பதை ஆசிரியராக நாம் கரும்பலகையில் எழுதியதுண்டு. இல்லத்தாராக அதை நடைமுறையில் கொள்ள வேண்டும்.

நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தார் பன்னிரண்டு நாள் சம்மேதசிகர யாத்திரை சென்றனர். புறப்படும்போது, பன்னிரண்டு நாளுக்கும் ஆகட்டுமென்று தீனியை அன்றே தொட்டியில் கொட்டினர். ஆமை உண்டது சிறிது. எஞ்சியது அழுகி நீரைக் கெடுத்தது. சன்னல்கள் அடைத்த அறையில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அவர்கள் திரும்பி வந்தபோது, ஆமை கண் இமைகள் வீங்கி மூடிக்கொள்ள, கல்லின்மேல் தலை சாய்த்துக் கிடந்தது. பல வாரச் சிகிச்சைக்குப் பின் பிழைத்தது. இருபது தீர்த்தங்கரர்கள் முக்தி பெற்ற புனித மலை சம்மேதசிகரம். முனிசுவிரதர் முக்தி எய்தியதும் அங்கேதான். ஏறியும் சுற்றியும் இறங்கியும் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் கால் நோக நடந்து, அப்பெருமானின் திருவடிகளில் அவர்கள் தலை வைத்த நாளிலும், அவர்தம் இலாஞ்சனம் அழுகிய நீரில் கிடந்தது.

அவ்வில்லத்து மூதாட்டி நம்மிடம், “டீச்சரம்மா, எங்கள் யாத்திரையின் புண்ணியம் எங்களுக்கு உண்டா, இல்லையா?” என்று கண்கலங்கக் கேட்டார். வினைக்கணக்கு எழுதும் தகுதி நமக்கில்லை. ஆயினும் ஒன்று கூறினோம்: “அம்மா, யாத்திரை ரயில் ஏறும்போது தொடங்குவதில்லை, வீட்டுக் கதவைப் பூட்டும்போதே தொடங்கிவிடுகிறது. அடுத்த யாத்திரையை அங்கிருந்து தொடங்குங்கள்.”

“பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தானே போனோம்” என்பாரும் உளர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாலும் வினை நம்மைச் சாரும் என்பது நம் சமயத்தின் துணிபு. பொறுப்பைப் பிறர் கையில் கொடுக்கலாம்; அதனால் நம் பொறுப்பு ஒழிந்துவிடாது. ஆகவே முறையாக ஒப்படைப்பதே அறம். அதற்கு நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களே வழிகாட்டும். அவை நற்பாத்திரங்களுக்கு உரியவை எனினும், கருணையால் எவ்வுயிர்க்கும் ஈயத் தடையில்லை.

முதலாவது ஆகார தானம். வளர்ந்த ஆமைக்கு ஒன்றுவிட்டு ஒரு நாளும், குஞ்சுக்கு நாள்தோறும் உணவு வேண்டும். அதன் தலையளவு தீனி ஒரு வேளைக்குப் போதும். நாள்வாரியாகச் சிறு பொட்டலங்கள் கட்டி, தேதி எழுதி வைத்துவிட்டால், பார்ப்பவர் மிகுதியாகப் போடவும் மாட்டார், மறக்கவும் மாட்டார். உண்டது போக எஞ்சியதை அன்றே எடுத்துவிட வேண்டும். நீர் கலங்கினால் மாற்ற வேண்டும். சோறு, ரொட்டி, பால் ஆகியன ஆகா. ஆமையும் நம்மைப் போலப் பகலில் உண்ணும் உயிர்; ஆதலால் பொழுது சாயுமுன் உணவிடச் சொல்லுங்கள். நலமுடன் உள்ள வளர்ந்த ஆமை, தூய நீர் இருப்பின் இரண்டொரு நாள் தனித்திருக்கும். அதற்கு மேற்பட்டால் ஒருவர் வந்து பார்த்தே ஆகவேண்டும்.

இரண்டாவது அபய தானம். நீரை விட்டேறி உலர்வதற்கு ஒரு கல்லும், வெயில் படும் இடமும், நிழல் படும் இடமும் தொட்டியில் இருத்தல் வேண்டும். காலை வெயில் ஓட்டின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. ஆயினும் சித்திரை, வைகாசி வெயில் நேரே விழும் மாடத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்துவிட்டுச் செல்லுதல் கொடிது. நீர் கொதிப்பேறினால் அதற்கு ஓடி ஒளிய இடமில்லை. காகமும் பூனையும் அணுகாதபடி மேலே கம்பிவலை இடுக. பிறர் வீட்டில் கொண்டுபோய் விடுவதாயின், காற்றுத் துளையிட்ட பெட்டியில் ஈரத்துணி விரித்து எடுத்துச் செல்லுக. நீர் நிரப்பிய வாளியில் குலுங்கக் குலுங்க எடுத்துச் செல்லலாகாது.

மூன்றாவது ஔடத தானம். இமை வீக்கம், மூக்கிலோ வாயிலோ நுரைக்குமிழி, ஒருபக்கம் சாய்ந்து மிதத்தல், உணவை அறவே மறுத்தல் ஆகியன நோய்க்குறிகள். அக்குறி கண்டால் நம் வருகைக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுமாறு கூறி, மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் செலவுக்கான பணத்தையும் முன்னரே கொடுத்துவிட வேண்டும். சென்னையில் இருப்போர்க்கு வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது.

நான்காவது சாத்திர தானம். அதாவது அறிவைக் கொடுத்தல். விடுப்பில் செல்லும் ஆசிரியை, தம் வகுப்புக்கு வருபவர் பொருட்டுப் பாடக்குறிப்பு எழுதி வைத்துவிட்டே செல்வார். அதுபோல் ஒரு தாளில் யாவற்றையும் எழுதி, தொட்டிக்கு அருகே ஒட்டுங்கள். எழுதினால் மட்டும் போதாது. ஆசிரியப் பயிற்சியில் மாதிரிப் பாடம் நடத்திக் காட்டிய பின், பயில்வோரையே நடத்தச் சொல்லி உடனிருந்து பார்ப்போம். அவ்வாறே, பொறுப்பேற்பவர் ஒருமுறை உணவிட்டு நீர் மாற்றுவதை, புறப்படுமுன் உடனிருந்து பாருங்கள். ஆமையைத் தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அதன் மேலுள்ள சால்மொனெல்லா நுண்ணுயிரியால் சிறு குழந்தைகளுக்கு வயிற்றுநோய் வரக்கூடும். பொறுப்பேற்பவர் பணியாளர் எனில், அதற்குரிய ஊதியத்தைத் தனியே கொடுத்தல் நன்று. நம் விரதத்தைக் காக்க அவர் இலவசமாக உழைக்க வேண்டியதில்லை.

இத்துணைத் தொல்லை எதற்கு, கோயிற்குளத்தில் விட்டுவிட்டால் அதற்கும் விடுதலை, நமக்கும் விடுதலை என்று எண்ணுவோர் உண்டு. அது அபய தானம் போலத் தோன்றும் தீங்கு. சிவப்புக்காது ஆமை நம் நாட்டு நீர்நிலைக்கு உரியதன்று. உலகில் மிகுந்த தீங்கு விளைக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. நம் குளத்துக்கே உரிய ஆமைகளின் உணவையும் இடத்தையும் அது பறிக்கும்; மீனையும் தவளைக் குஞ்சையும் உண்ணும். ஓருயிரை விடுவிப்பதாக எண்ணிப் பல உயிர்க்கு இடர் செய்தல் சிராவகர்க்கு ஏலாது.

இனி, வாங்கவிருப்போர்க்கு ஒரு சொல். ஐந்து அதிசாரங்களுள் முதலாவது கட்டிவைத்தல் என்பதை மறவற்க. இவ்வாமையின் குஞ்சு ஊன் கலந்த தீனியின்றிச் செவ்வனே வளராது. வளர்ந்த பின்னரே இலைதழைகளை மிகுதியும் நாடும். நம் மனையில் அத்தீனியைக் கைக்கொள்ள ஒவ்வாதாயின், அவ்வுயிரை விலைக்கு வாங்காதிருத்தலே நன்று. இலைதழை உண்ணுமே என்று நம் நாட்டு நட்சத்திர ஆமையை நாடுதலும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதனை வீட்டில் வைத்திருத்தல் குற்றம். ஆனால் முன்பே வந்துவிட்ட உயிரை, வராத உயிர்போலக் கருத இயலாது. அதன் ஆயுள் முழுமையும் காத்தலே நமக்குரிய நெறி.

நம் முன்னோர் பயணத்தையும் விரதத்துக்குள் கொண்டுவந்தனர். இத்திசையில் இவ்வெல்லைக்கு மேல் செல்லேன் என்பது திக்விரதம். இத்துணை நாள் இவ்விடம் கடவேன் என்பது தேசவிரதம். நாம் செல்லுமிடம் எல்லாம் உயிர்க்கு ஊறு நேரக்கூடும் என்ற அச்சமே அதற்கு அடிப்படை. நாம் செல்வதால் விட்டுவந்த இடத்திலும் ஊறு நேரக்கூடும் என்பதை அதனோடு சேர்த்து எண்ணுவோம்.

கோடை விடுமுறை வருகிறது. பெட்டி கட்டும் வேலையைப் பெரியோர் பார்க்கட்டும். பொட்டலம் கட்டித் தேதி எழுதும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். குரலில்லாத ஓர் உயிருக்காகக் குரல் கொடுத்து, “பாட்டி, ஆமைக்கு ஏற்பாடு ஆயிற்றா?” என்று கேட்கப் பழகிய குழந்தை, அணுவிரதத்தின் முதற்பாடத்தைக் கற்றுவிட்டது.

அறம் வளர்க!