ஐந்தாம் தரத்தோடு நிற்கும் சோறு

கண்டியில் ஹந்தானை மலைக்கு அப்பால், கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பொழுது விடியுமுன்பே தொழிலாளர் லயத்து அடுப்புகள் பற்றிக்கொள்ளும். தாய் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகவேண்டும்; பிந்தினால் அன்றைய பேர் போய்விடும். மலையில் பகலுக்குச் சாப்பிட ரொட்டி சுட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். மிஞ்சிய மாவில் பிள்ளைக்கு ஒரு ரொட்டி கிடைக்கும். மா குறைந்த நாளில் சாயத்தண்ணி மட்டும்தான். பாடசாலை மணி ஏழரைக்கு அடிக்கிறது.

இதைப் பெற்றோரின் கவனக்குறைவு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வோர் உண்டு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானதே 2024இல்தான். அப்படியொரு சம்பளத்தை வைத்து அரிசி, மா, மண்ணெண்ணெய், பஸ் காசு எல்லாவற்றையும் சமாளிக்கும் வீட்டுக்குக் கவனம் பற்றிப் பாடம் நடத்த யாருக்கும் உரிமை இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 17.3. முதலாம் தரத்தில் வந்து உட்காருவதற்குள்ளேயே பசி எலும்புவரை இறங்கிவிடுகிறது.

இலங்கை அரசு பாடசாலைப் பிள்ளைகள் மீதான பொறுப்பை ஒருபோதும் முற்றாகத் தட்டிக்கழித்ததில்லை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியும், 1980இல் வந்த இலவசப் பாடநூலும், 1993இல் வந்த சீருடையும் தகப்பனின் வருமானத்தைக் கேட்டுக் கொடுக்கப்படவில்லை. பாடசாலை உணவு மட்டும் நெடுங்காலம் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளுக்கே போனது. 2024 மார்ச்சில்தான் அரச பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் அரசு ஏன் சோறு போடவேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கடனில் தத்தளித்த நாட்டில், கண்டி நகரத்து வியாபாரியின் பிள்ளைக்குப் போகும் தட்டைத் தெல்தோட்டைக்குத் திருப்பினால் அங்கே இரண்டு முட்டை வைக்கலாமே என்ற கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போடுவதற்கு யார் ஏழை என்று முதலில் தீர்மானிக்கவேண்டும். 2023இல் அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான பயனாளிகளின் பட்டியல் வெளியானபோது, தகுதியிருந்தும் பெயர் விடுபட்டவர்கள் நாடெங்கும் வீதிக்கு வந்தார்கள். வளர்ந்தவர்கள் மேன்முறையீடு எழுதலாம். ஏழு வயதுப் பிள்ளை அதை எப்படி எழுதும்? சிலருக்கு மட்டும் கொடுத்தால், தட்டு கிடைக்கும் பிள்ளைகளை வகுப்பு முழுவதும் அடையாளம் வைத்துக்கொள்ளும்; அந்த வெட்கத்துக்குப் பயந்து பசியோடு இருந்துவிடும் பிள்ளைகளும் உண்டு.

ஆள் பார்க்காமல் சோறு போடுவது கண்டிக்குப் புதுப் பாடம் அல்ல. வெசாக் காலத்தில் இலவச உணவு வழங்கும் தன்சலில் வரிசையில் நிற்பவரின் வருமானத்தை யாரும் விசாரிப்பதில்லை. கோயில் அன்னதானத்திலும் நோன்பு மாதத்துப் பள்ளிவாசல் கஞ்சியிலும் அதே பழக்கம்தான். ஆனால் அவை கொடுப்பவரின் மனத்தையும் திருநாளையும் நம்பி நிற்பவை. பாடசாலைச் சோறு அப்படி இருக்கலாகாது. அது பிள்ளைக்குச் சேரவேண்டிய பங்கு. கொடுத்ததற்கு நன்றி கேட்கும் பேச்சும், பரிமாறும்போது படம் பிடித்துப் போடும் வழக்கமும் அங்கே நுழையக்கூடாது.

இந்த விவாதத்தில் எப்போதும் விடுபட்டுப்போகிறவர்கள் சமைக்கும் பெண்கள். பெரும்பாலான பாடசாலைகளில் சமையற்கட்டு இல்லை, சமையலுக்கென்று அரச ஊழியரும் இல்லை. அதே ஊரின் தாய்மார், சில இடங்களில் அந்த வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாரே, வழங்குநர்களாகப் பெயர் கொடுத்து வீட்டில் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். சோறு, பருப்பு, கீரை, முட்டை, கவுப்பி என்று பட்டியல் மேலிடத்திலிருந்து வருகிறது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு ரூபா என்ற தொகையும் அங்கிருந்தே வருகிறது. கடைச் சாமானுக்குக் காசை முதலில் போடுவது அந்தப் பெண். அரசின் கொடுப்பனவு பிறகு வரும். சில வேளை மாதங்கள் கழித்து வரும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அப்படியொரு காலத்தில், முன்கூட்டியே குறித்த தொகைக்குள் சமைக்க ஒப்புக்கொண்ட பெண் என்ன செய்வாள்? முட்டையைப் பாதியாக வெட்டலாம். தோடு, சங்கிலியை அடகு வைக்கலாம். சமையலையே விட்டுவிடலாம். மூன்றில் எதைச் செய்தாலும் இழப்பு ஏழையின் பக்கமே விழுகிறது. பிள்ளைக்கு உணவளிப்பது அரசின் கடமை என்றால், அந்தக் கடமைக்கான காசை லயத்து அறையிலிருந்து கடனாக எடுப்பது அறமாகாது. உண்பவர் வெட்கப்படாமலும் சமைப்பவர் கடன்படாமலும் வரும் தட்டைத்தான் நீதியான தட்டு என்று சொல்லமுடியும். முதற்பாதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மறுபாதியைப் பற்றிப் பேச்சே இல்லை.

நேரமும் ஒரு விடயம். காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு இடைவேளையில் சோறு கொடுத்தால், கணக்கும் மொழியும் நடக்கும் முதற்பாடங்கள் பசியிலேயே கழிந்துவிடும். தமிழ்நாட்டில் 1982 முதல் பெரிய அளவில் நடந்துவரும் சத்துணவு மதியத்துக்கு உரியது. அது போதாது என்று கண்டுதான் 2022 செப்டெம்பர் 15இல் காலை உணவுத் திட்டத்தை மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். அங்கும் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆனால் மதியச் சோறு பத்தாம் வகுப்புவரை தொடர்கிறது.

மலையகத்தில் ஐந்தாம் தரத்து எல்லை இன்னும் கொடியது. பல தோட்டப் பாடசாலைகளில் ஐந்தாம் தரத்துக்கு மேல் வகுப்பே இல்லை. ஆறாம் தரத்துக்குப் பிள்ளை டவுன் பாடசாலைக்குப் போகவேண்டும். இன்னும் இருட்டோடு எழும்பவேண்டும், இன்னும் தூரம் நடந்து பஸ் பிடிக்கவேண்டும். உடம்பு வேகமாக வளரத் தொடங்குவதும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவைப்படுவதும் அந்த வயதில்தான். அங்கேதான் தட்டு எடுக்கப்படுகிறது. தரம் ஐந்துவரை பசி எல்லோருக்கும் பொதுவான விடயம். தரம் ஆறிலிருந்து அது அவரவர் வீட்டு விடயம் என்று பிரிப்பதற்கு வரவு செலவுக் கணக்கைத் தவிர வேறு காரணம் காட்டமுடியாது.

காசு எல்லையற்றதல்ல என்பது உண்மை. தெரிவு செய்துதான் ஆகவேண்டும் என்றால் பிள்ளையைத் தெரிவு செய்யக்கூடாது. பாடசாலையைத் தெரிவு செய்யவேண்டும். புசல்லாவை, கலஹா, தெல்தோட்டை, பன்வில போன்ற இடங்களில் தோட்டப் பிள்ளைகள் திரண்டு வரும் பாடசாலைகளில் தரம் 11 வரை எல்லோருக்கும், பெயர் கேட்காமல், முதல் மணிக்கு முன்பே சோறு கிடைக்கவேண்டும். அதற்கும் முன்னதாக, இப்போது சமைத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு மாத ஆரம்பத்திலேயே முற்பணம் கொடுத்துவிடவேண்டும். புதிய தட்டு எதுவும் அதற்குப் பிறகுதான்.